கண்ணைச் சிமிட்டு, கிழவி!

என் பெரியம்மைக்கு 78 வயது. தான் இன்னும் சாகவில்லை என்பதை ஆண்டுக்கு ஒருமுறை அவள் நிரூபிக்க வேண்டும். துணைக்கு நான் போவேன். துணைக்குத்தான், சாட்சிக்கு இல்லை. என் சாட்சி செல்லாது. தெருக்காரர்கள் சாட்சி செல்லாது. அவளே நேரில் வந்து நின்று, "இந்தா நிக்கேன்லா, கண்ணு தெரியலையா?" என்று கத்தினாலும் செல்லாது. ஒரு கருவி சொல்ல வேண்டும், இந்தக் கிழவி உயிரோடு இருக்கிறாள் என்று.

பாவூர்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊர். பெரியம்மை ஐம்பது வருடம் பீடி சுற்றினாள். இலையை நனைத்து, தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்கினால் ஒரு பீடி. நாளைக்கு ஆயிரம். வருடத்துக்கு 250 நாள்தான் வேலை என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும் ஒன்றேகால் கோடி பீடி ஆகிறது. அந்த ஒன்றேகால் கோடியும் சேர்ந்து அவள் விரல் நுனிகளை ஆற்றுக் கூழாங்கல்போல் வழுவழுவென்று தேய்த்துவிட்டன. அந்த வேலைக்காகத்தான் அவளுக்கு ஓய்வூதியம். அந்த ஓய்வூதியத்துக்குத்தான் கைரேகை. வேலை செய்ததற்கான கூலி வேண்டுமா, வேலை செய்யாத விரலைக் கொண்டுவா.

"விரலை வையுங்க ஆச்சி" என்றான் கருவி வைத்திருந்த கடைப் பையன்.

வைத்தாள். பொருந்தவில்லை.

"ஈரமா இருக்கு, சேலையில துடைச்சிட்டு வையுங்க." துடைத்தாள். பொருந்தவில்லை. "ரொம்பக் காஞ்சிருக்கு, லேசா எண்ணெய் தடவுங்க." தடவினாள். பத்து விரலும் ஊர்வலமாகப் போய்வந்தன. கால் விரலுக்கு அனுமதி இருந்திருந்தால் அதையும் நீட்டியிருப்பாள்.

இந்தக் கஷ்டத்தையெல்லாம் போக்கத்தான் முகத்தை வைத்து அடையாளம் காணும் வசதி 2021இல் வந்தது. கைப்பேசிக் கேமரா முன்னால் முகத்தைக் காட்டினால் போதும். ஆனால் யாராவது செத்தவரின் புகைப்படத்தைக் காட்டிப் பணம் வாங்கிவிட்டால்? கருவி கெட்டிக்காரக் கருவி. கண்ணைச் சிமிட்டச் சொல்லும். படம் சிமிட்டாது, மனிதன் சிமிட்டுவான். உயிருக்கு நம் நாடு கண்டுபிடித்திருக்கும் இலக்கணம் இது. மூச்சு, நாடி, சூடு எல்லாம் பழைய காலத்து மருத்துவர்களின் மூடநம்பிக்கை.

பெரியம்மைக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. இமை தொங்கிக் கிடக்கிறது. அவள் சிமிட்டியது கருவிக்குத் தெரியவில்லை. பெரிதாகச் சிமிட்டினால் கண் மூடியிருக்கிறது என்றது. திறந்தால் சிமிட்டு என்றது. கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினால் அவளுக்குக் கேமரா எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, சுவரில் இருந்த விநாயகர் காலண்டரைப் பார்த்துச் சிமிட்டிக்கொண்டிருந்தாள். கடையில் வரிசையில் நின்ற நாங்கள் ஏழெட்டுப் பேரும், அவள் சிமிட்டச் சிமிட்ட, எங்களை அறியாமலே சேர்ந்து சிமிட்டினோம். எங்கள் உயிரெல்லாம் உறுதியாகிவிட்டது. அவளுடையதுதான் பாக்கி.

இவ்வளவும் மாதம் 1,000 ரூபாய்க்கு. வருங்கால வைப்பு நிதியின் 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்சத் தொகையாக 2014 செப்டம்பரில் நிர்ணயித்த ஆயிரம் அது. பத்தாண்டு கடந்தும் அந்த எண் அசையவே இல்லை. உயிர்ப்புச் சோதனை செய்ய வேண்டியது எதற்கு என்று யோசித்தால் அந்த ஆயிரத்துக்குத்தான் முதலில் செய்ய வேண்டும். சிமிட்டுகிறதா பாருங்கள்.

அதையும் விடச் சிறிய தொகைகள் இருக்கின்றன. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள முதியவருக்கு மத்திய அரசு கொடுக்கும் பங்கு 2006இல் 200 ரூபாய் ஆனது. எண்பதைத் தொடாதவருக்கு அதே 200தான் இன்றுவரை. மாநிலம் தன் பங்கையும் சேர்த்து 2023இல் அதை 1,200 ஆக்கியது. ஆறாயிரம் கோடி, எட்டாயிரம் கோடி என்று சொல்லும் வாய்க்கு இருநூறு என்று உச்சரிக்கவே கூச்சமாக இருக்கும். அதனால்தானோ என்னவோ யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

உயிரோடு இருப்பவரைச் செத்தவர் என்று எழுதுவது நமக்குப் புதிதல்ல. உத்தரப் பிரதேசம் ஆசம்கர் மாவட்டத்தில் லால் பிஹாரி என்றொருவர். 1970களில் அவருடைய நிலத்துக்கு ஆசைப்பட்ட உறவினர்கள் வருவாய்த் துறைப் பதிவேட்டில் அவரைச் சாகடித்துவிட்டார்கள். தான் சாகவில்லை என்று நிரூபிக்க 1994வரை போராடினார். செத்தவன் பெயர் வேட்பாளர் பட்டியலில் வந்தால் உயிரோடு இருப்பதாகத்தானே அர்த்தம் என்று வி.பி. சிங்கை எதிர்த்தும், ராஜீவ் காந்தியை எதிர்த்தும் தேர்தலில் நின்றார். தன்னைப்போல் காகிதத்தில் செத்தவர்களைத் திரட்டிச் சங்கம் வைத்தார். பெயரோடு 'மிருதக்', அதாவது இறந்தவர் என்று சேர்த்துக்கொண்டார். 2003இல் அவருக்கு இக் நோபல் பரிசுகூடக் கிடைத்தது.

அன்றைக்கு ஒருவனைச் சாகடிக்க ஆசை பிடித்த உறவினர்கள் வேண்டும், காசு வாங்கும் எழுத்தர் வேண்டும், பேனா வேண்டும். எத்தனை பேர் உழைப்பு! இப்போது ஊழலே இல்லை. லஞ்சமே வாங்காமல் கணினி இலவசமாகச் சாகடிக்கிறது. 2022இல் ஹரியாணாவின் ரோத்தக்கில் 102 வயது முதியவர் ஒருவருக்கு ஓய்வூதியம் நின்றுபோனது. பதிவேட்டில் அவர் இறந்துவிட்டார். மனுக் கொடுத்தால் யார் படிப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மாப்பிள்ளைபோல் ரூபாய் நோட்டு மாலை போட்டு, ரதத்தில் ஏறி, பேண்டு வாத்தியத்தோடு கல்யாண ஊர்வலம் போனார். 102 வயதில் மாப்பிள்ளைக் கோலம் போட்டால்தான் இந்த நாட்டில் ஒரு மனிதன் உயிரோடு இருப்பது அதிகாரிகளுக்குத் தெரிகிறது. பெரியம்மையிடம் இதைச் சொன்னேன். "எனக்கும் ஒரு ரதம் பிடி, பொண்ணழைப்புக்குப் போவோம்" என்றாள்.

ஜப்பான்காரன் இதில் நேர் தலைகீழ். 2010இல் டோக்கியோவின் மிக வயதான ஆண் என்று பதிவேடு சொன்ன 111 வயதுக்காரரை வாழ்த்தப் போன அதிகாரிகள், ஏறக்குறைய முப்பது ஆண்டுக்கு முன்பே செத்தவரின் உடலைப் படுக்கையில் கண்டார்கள். குடும்பம் அவர் பெயரில் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தது. துருவிப் பார்த்தால் நூறு வயது தாண்டியவர்களாகப் பதிவேட்டில் இருந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எங்கே என்றே தெரியவில்லை. அங்கே செத்தவர்களுக்குப் பணம் போயிற்று. இங்கே அந்தத் தவறு நடக்கவே கூடாது என்று உறுதி பூண்டு, உயிரோடு இருப்பவர்களுக்குப் பணம் போகாமல் பார்த்துக்கொள்கிறோம். மோசடி முற்றாக ஒழியும் நாளில் ஓய்வூதியக்காரர்களும் ஒழிந்திருப்பார்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெரியம்மை உயிரோடு இருப்பதில் ஒரு நொடிகூடச் சந்தேகப்படாத ஆட்களும் உண்டு. மகளிர் குழுக் கடனின் தவணை நாளைச் சொல்லும் குறுஞ்செய்தி அவளிடம் ரேகை கேட்டதே இல்லை. போன வருடம் ஒருவன் போன் செய்தான். "அம்மா, உங்க பென்சன் நிக்கப் போவுது, ஒரு நம்பர் வரும், அதச் சொல்லுங்க" என்றான். என்ன மரியாதை, என்ன பொறுமை! இரண்டு முறை திருப்பிக் கேட்டபோதும் கோபப்படவில்லை. அவளுக்குக் காது மந்தம் என்று புரிந்துகொண்டு நிறுத்தி நிறுத்திப் பேசினான். முதியோருக்கான சேவை எப்படி இருக்க வேண்டும் என்று நம் துறைகள் அவனிடம்தான் பயிற்சி எடுக்க வேண்டும். கணக்கில் இருந்த நாலாயிரத்துச் சொச்சமும் போனது. மறுநாள் வங்கிக்குப் போனோம். "ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது என்று எஸ்எம்எஸ் அனுப்பியிருக்கிறோமே" என்றார்கள். அனுப்பியிருந்தார்கள். ஆங்கிலத்தில்.

தமிழ்நாட்டின் கதை இது என்பதால் கொஞ்சம் கணக்கும் பார்க்கலாம். 2021இல் இங்கே நூற்றில் 13.6 பேர் அறுபது தாண்டியவர்கள். கேரளத்துக்கு அடுத்த இடம். 2031இல் அது 18.2 ஆகும் என்பது மத்திய அரசின் சொந்த மதிப்பீடு. ஆறு பேர் நின்றால் ஒருவர் கிழவர் அல்லது கிழவி. இது வானத்திலிருந்து விழுந்த இடி அல்ல. நாற்பது வருடத்துக்கு முன்பே தெரிந்த விஷயம். குடும்பக் கட்டுப்பாட்டு முக்கோணத்தைச் சுவரெல்லாம் வரைந்தோம், பெண்களைப் படிக்க வைத்தோம், ஆரம்ப சுகாதார நிலையம் கட்டினோம், சாவைத் தள்ளிப் போட்டோம். அவ்வளவும் பெருமைதான். தள்ளிப் போட்ட சாவுக்கும் இன்றைக்கும் நடுவே இருக்கும் இருபது வருடத்தில் இவர்கள் எங்கே உட்காருவார்கள் என்று மட்டும் யோசிக்க மறந்துவிட்டோம்.

இல்லை, யோசித்தார்கள். 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு, மாநிலத்துக்கு வயதாகிறது, பிள்ளைகளை அதிகம் பெறுங்கள் என்றார். இரண்டொரு நாளில் நம் முதல்வர் ஸ்டாலின் ஒரு திருமண மேடையில், தொகுதி மறுவரையறைக் கவலையோடு, பதினாறு பெற்றால்தான் என்ன என்கிற பேச்சை எடுத்தார். விளையாட்டாகச் சொன்னது என்றார்கள். இருக்கட்டும். மூட்டுவலிக்கு மாத்திரை கேட்டு வந்த கிழவியிடம், உன் பேத்தியைப் பிள்ளை பெறச் சொல் என்று மருந்துச்சீட்டு எழுதும் வைத்தியத்தை உலகில் வேறெங்கும் பார்க்க முடியாது. அந்தப் பிள்ளை பிறந்து, படித்து, பெங்களூருக்கோ துபாய்க்கோ போய், அங்கிருந்து கிழவிக்குக் கேமரா வாங்கி மாட்டும்.

கேமராவுக்கு வருகிறேன். பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். மனைவி இல்லை. மகன் டாலஸில். வீட்டுக்குள் நான்கு கேமரா. மகன் அங்கிருந்தபடியே அப்பா சாப்பிட்டாரா, தூங்கினாரா, டிவி பார்க்கிறாரா என்று பார்த்துக்கொள்வான். "அப்பா, ஊறுகாயைத் தொடாதீங்க" என்று சுவரிலிருந்து அசரீரி வரும். சார் நடுங்கிப்போய்க் கையை எடுப்பார். அறுபது பிள்ளைகளைப் பிரம்பில்லாமல் கட்டி மேய்த்தவர், இப்போது மாங்காய் ஊறுகாயைத் திருடித் தின்கிறார், கேமராவுக்கு முதுகு காட்டி.

கையில் ஒரு கடிகாரமும் உண்டு. கீழே விழுந்தால் தானே உணர்ந்து மகனை அழைக்கும். நல்ல கருவிதான், நான் பழிக்க மாட்டேன். ஆனால் அதைத் தினமும் கழற்றி மின்சாரம் ஏற்ற வேண்டும். சார் குளிக்கப் போகும்போது ஏற்றுவார். மனிதர்கள் விழுவது குளியலறையில். கேமராவும் அங்கே இருக்காது, அப்பாவின் மானம் முக்கியம். கடிகாரம் கட்டில் மேல் பத்திரமாக இருந்தது, சார் ஈரத்தரையில் மூன்று மணிநேரம் கிடந்தார். பால்காரப் பெண் முனகல் கேட்டு வந்து கதவை உடைத்தாள். இடுப்பு எலும்பு போயிருந்தது. அந்தக் குளியலறைக்கு முகம் பார்க்கும் கண்ணாடிபோல் மினுங்கும் டைல்ஸ் போட்டது மகன்தான், கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் மெச்ச வேண்டும் என்று. சொரசொரப்பான தரையும், சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் போதும். கம்பிக்கு ஆயிரம் ரூபாய்கூட ஆகாது. அதில் புளூடூத் இல்லை, டாலஸ் நண்பர்களிடம் காட்ட முடியாது, ஆகவே அது தொழில்நுட்பம் ஆகாது.

உலகம் முழுக்க ஆண்டுதோறும் ஆறு லட்சத்து எண்பதாயிரம் பேருக்கு மேல் விழுந்தே சாகிறார்கள், அதில் மிகுதியும் அறுபது தாண்டியவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் ஊர்ப் பேருந்தின் முதல் படியை அந்த நிறுவனத்தார் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்தால் கணக்கைத் திருத்துவார்கள்.

மறதிக்கும் மருந்து இருக்கிறதாம், செயலி வடிவில். எப்போது மாத்திரை, எப்போது சாப்பாடு, எதிரில் நிற்பது மகளா மருமகளா என்று எல்லாம் நினைவூட்டும். உள்ளே போகக் கடவுச்சொல் வேண்டும். எட்டு எழுத்து, ஒரு எண், ஒரு குறி. மறந்துவிட்டால் "உங்கள் முதல் பள்ளியின் பெயர் என்ன?" என்று கேட்கும். கிழவர்கள் அதை மட்டும் சரியாகச் சொல்லிவிடுவார்கள், காலையில் சாப்பிட்டதுதான் நினைவில்லை. இந்தியாவில் அறுபது தாண்டியவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கிறது என்று 2023இல் வெளியான ஆய்வு சொல்கிறது. 88 லட்சம் வாடிக்கையாளர்கள். கடவுச்சொல்லுக்கு வழி சொன்னால் சந்தை பிரமாதம்.

இதற்கெல்லாம் மேலே காப்பீடு இருக்கிறது. 70 வயது தாண்டிய எல்லோருக்கும் ஐந்து லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு என்று 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. ஏழை பணக்காரர் வித்தியாசமில்லை. மனதாரப் பாராட்டுவேன். ஆனால் அது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான். பெரியம்மைக்கு வேண்டியது தினம் ரத்தக்கொதிப்புக்கு ஒரு மாத்திரை, சர்க்கரைக்கு இரண்டு, மூட்டுக்குத் தைலம், காதில் வைக்கும் கருவிக்குப் பொத்தான் பேட்டரி, இரவில் மூத்திரத்துக்கு எழுப்பிக் கூட்டிப்போக ஒரு கை. இதில் ஒன்றுக்கும் அந்த ஐந்து லட்சத்தில் ஐந்து காசு கிடையாது. மாத்திரை வாங்கக் காசில்லாமல் விட்டுவிட்டு, பக்கவாதம் வந்து விழுந்தால் அப்போது ஐந்து லட்சமும் தயார். விழும்வரை காத்திருக்கும் கருணை. அந்த அட்டை வாங்கவும் ஆதார் வழியாக அடையாளம் காட்ட வேண்டும். காட்டினோம். மறுபடியும் அதே விரல்கள்.

தனியார் காப்பீட்டிலும் நல்ல செய்தி உண்டு. 65க்கு மேல் புதிதாகப் பாலிசி இல்லை என்று நிறுவனங்கள் வைத்திருந்த வரம்பை ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஏப்ரலில் எடுத்துவிட்டது. கதவு திறந்துவிட்டது. வாசற்படியைத்தான் பத்தடி உயர்த்தியிருக்கிறார்கள். ரயிலில் முதியோருக்கு இருந்த சலுகை, ஆண்களுக்கு 40 விழுக்காடு, பெண்களுக்கு 50, 2020 மார்ச்சில் நின்றது. கொரோனா காலத்தில் கிழவர்கள் தேவையில்லாமல் அலையக் கூடாது என்றார்கள். கொரோனா போய்விட்டது. கிழவர்கள் மேல் ரயில்வேக்கு இருக்கும் அக்கறை மட்டும் போகவே இல்லை, இன்னும் அலையவிடாமல் காக்கிறது.

எங்கள் தெற்குச் சீமையில் ஒரு வழக்கம் இருந்தது, இருக்கிறது என்றும் சொல்கிறார்கள். தலைக்கூத்தல். படுக்கையில் விழுந்து, இழுத்துக்கொண்டு கிடக்கும் கிழங்களை விடியக்காலை எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, ஓரிரு நாளில் அனுப்பிவைப்பது. விருதுநகர்ப் பக்கத்துக் கதைகள் 2010 வாக்கில் பத்திரிகைகளில் வந்தபோது நாடே பதறியது. பதறத்தான் வேண்டும். கொலைதான் அது, அன்பு என்று பெயர் வைத்தாலும் கொலைதான்.

ஆனால் அந்தக் கொலைகாரன் எண்ணெய் தேய்க்கவாவது கிழவியின் தலையைத் தொட்டான். அவள் முகத்தைப் பார்த்தான். ராத்திரி அவனுக்குத் தூக்கம் போயிருக்கும், ஊர் ஒருநாள் கேட்கும் என்ற பயம் இருந்திருக்கும். நம்முடைய புதிய முறையில் யாரும் யாரையும் தொட வேண்டாம். 'சர்வர் டவுன்' என்பார்கள். 'ஆதாரோடு இணைந்த எண்ணுக்கு ஓடிபி போயிருக்கிறது' என்பார்கள். அந்த எண் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஷிப்டில் நிற்கும் பேரனுடையது, உள்ளே போனுக்கு அனுமதியில்லை. இரண்டு மாதம் பணம் வராது. கிழவி முதலில் மாத்திரையைப் பாதியாக உடைப்பாள், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு அதுவும் இல்லை. எண்ணெய் இல்லை, இளநீர் செலவுகூட இல்லை. இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்று இருக்கும். எந்தக் காவல் நிலையமும் சர்வரைக் கைது செய்யாது.

விமர்சனம் மட்டும் செய்யாதே, தீர்வு சொல் என்பார்கள். சொல்கிறேன். அறுபது தாண்டிய அனைவரும் இறந்துவிட்டதாக ஒரே அரசாணையில் அறிவித்துவிடலாம். ஆட்சேபம் உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் இணையத்தில், ஆங்கிலத்தில், இரண்டு எம்பிக்கு மிகாத கோப்பாக மனுப் போடலாம். இப்போது நடப்பதும் அதுதான், அரசாணை மட்டும் இல்லை. ஒழுங்காக எழுதிவிட்டால் கிழவர்களுக்கும் அலைச்சல் மிச்சம்.

அது கடுமை என்றால் இன்னொன்று. அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்து முதுமை ஆய்வுக்கூடத்தில் ஒரு சட்டை செய்திருக்கிறார்கள். ஆக்னஸ் என்று பெயர். அதை மாட்டிக்கொண்டால் இளைஞனுக்கும் மூட்டு மடங்காது, கழுத்து திரும்பாது, கண் மங்கும், நடை தள்ளாடும். கருவி வடிவமைப்பவர்கள் அதைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. நாம் அவ்வளவு செலவழிக்க வேண்டாம். உள்ளூர்ச் சரக்கே போதும். கண்ணாடியில் தேங்காயெண்ணெய் தடவு. காதில் பஞ்சை அடை. விரல் நுனிகளை உப்புத்தாளில் தேய். இரண்டு செருப்பிலும் கைப்பிடி கொண்டைக்கடலை போடு. மூன்று டம்ளர் தண்ணீர் குடிக்கக் கொடு, கழிப்பறை எங்கே என்று மட்டும் சொல்லாதே. இந்தக் கோலத்தில் துறைச் செயலாளரையும், செயலியைச் செய்த நிறுவனத்தின் தலைவரையும், அதைத் தொடங்கிவைத்துக் கைதட்டு வாங்கிய அமைச்சரையும் மே மாத வெயிலில், கூரையில்லாத வரிசையில், டவுன் பஸ்ஸில் வரச்சொல்லி நிறுத்து. டோக்கன் எண்ணை ஒரு திரையில் மட்டும் காட்டு. கூப்பிடாதே. மாலை நான்கு மணிக்கு, "நாளைக்கு வாங்க" என்று சொல். அடுத்த பட்ஜெட்டில் பாருங்கள் என்ன நடக்கிறதென்று.

இத்தனை கரித்துக்கொட்டிவிட்டு நடந்த நல்லதை மறைத்தால் நானும் அந்தக் கருவி மாதிரிதான். இந்தியாவிலேயே முதன்முதலாக முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவு 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில், டாக்டர் வ.செ. நடராசன் முயற்சியில்தான் தொடங்கியது. அவர் தொடங்கி நாற்பத்தாறு வருடம் கழித்து, 2024 பிப்ரவரியில், கிண்டியில் 200 படுக்கையோடு தேசிய முதியோர் மருத்துவமனை திறந்தது. கட்டடம் அதற்கு முன்பே தயார். 2020இல் அது கொரோனா மருத்துவமனையாகிவிட்டது. கிழவர்களுக்கென்று கட்டியதிலும் கிழவர்கள் வரிசையில் கடைசி. பரவாயில்லை, வந்தார்கள்.

பெரியம்மைக்குக் கிண்டி தூரம். அவளுக்குக் கிட்டே இருப்பது பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர். தோளில் ஒரு பை, பையில் ரத்தக்கொதிப்பு பார்க்கும் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி, மாத்திரை அட்டைகள். வாசலில் நின்று, "ஆச்சி, இருக்கீகளா?" என்று கேட்பாள். உள்ளிருந்து, "இருக்கேன், வா" என்று பதில் வரும். உயிர்ச் சான்று அங்கேயே முடிந்துவிடுகிறது. கையைப் பிடித்துப் பட்டையைக் கட்டி, "நூத்தம்பது இருக்கு, கருவாடு தின்னீகளோ?" என்று அதட்டுவாள். பெரியம்மை பொய் சொல்வாள். அந்தக் கருவியும் மின்னணுக் கருவிதான். அதைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் வீட்டுக்கு வருகிறாள் என்பதுதான் வித்தியாசம். திட்டத்துக்கு 2024இல் ஐநா விருது கிடைத்தது. அந்தப் பெண்ணுக்குக் கிடைப்பதற்குச் சம்பளம் என்று பெயர் வைக்கக் கூடாது, ஊக்கத்தொகை என்று சொல்ல வேண்டும். அவளுக்கும் ஒருநாள் அறுபது ஆகும். அப்போது அவள் என்ன வேலை பார்த்தாள் என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அவள் விரல் மட்டும் தேயாமல் இருக்கும், அதையாவது வைத்துக்கொள்ளட்டும்.

கடைக்குத் திரும்புவோம். பத்து விரலும் தோற்று, பதினேழு முறை சிமிட்டி, கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்தது. அழுகை இல்லை, விழித்து விழித்து வந்த நீர். கடைப் பையனுக்கே பாவமாகிவிட்டது. பொறியியல் படித்துவிட்டு ஐம்பது ரூபாய்க்கு ஒரு கிழவி வீதம் உயிர்ப்பித்துக்கொண்டிருக்கிறான். "வெளிச்சத்துல பாப்போம் ஆச்சி" என்று அவளைக் கைத்தாங்கலாகத் தெருவுக்குக் கூட்டிவந்து வேப்பமரத்தடியில் நிறுத்தினான். அப்போது ஒரு லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. தூசி விழுந்து பெரியம்மை படபடவென்று சிமிட்டினாள். பச்சை விளக்கு.

பதினெட்டாவது தடவையில் இந்தியக் குடியரசு அவளை உயிரோடு ஏற்றுக்கொண்டது. லாரிக்காரன் யார் என்று தெரியாது, நல்லா இருக்கட்டும்.

பையன் தாளை அச்செடுத்துக் கொடுத்தான். பெரியம்மை அதை மூன்றாக மடித்து, வெற்றிலைப் பைக்குள் சொருகினாள். "எப்பய்யா மறுபடி வரணும்?"

"அடுத்த வருசம் இதே மாசம் ஆச்சி. உயிரோட இருந்தா..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"இருந்தா நான் வாரேன்யா" என்றாள். "இல்லேன்னா நீ வா. கொட்டுச் சத்தம் கேக்கும், வழி விசாரிக்க வேண்டாம்."